மூட்ட அறை

மூன்றாம் மாடிக்கு ஏறிவந்த மதி, தன் வீட்டு வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கறுப்புத் தோலில் தங்க நிற வளையம் வைத்த செருப்பு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக்கில் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு நடப்பவர் யாரும் கிடையாது. காத்தூன் பீவியின் செருப்பு அது. போன வாரமும் இதே இடத்தில் கிடந்தது. அதற்கு முன்னாலும் ஒருமுறை.

மதி இருபது வருஷமாக அந்த அம்மாளின் புருஷன் ஜஹாங்கீரின் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். வேலைக்காரர்களுக்கு அவர் 'பெரிய பாய்'. பெருநாளைக்குப் பிரியாணி பாத்திரம் வரும். டிரைவர் கீழே நின்று ஹாரன் அடிப்பான். அவள் கல்யாணத்துக்குக்கூட பீவி படியேறி வந்ததில்லை. இப்போது முட்டிவலியோடு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடி ஏறி வருகிறாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அம்மா குப்பம்மாவின் குரல் தாழ்ந்து கேட்டது.

"நீ வுட்றாத பீவிம்மா. எப்டியாவது அடக்கி வெய்யி. நா இருக்குறவரிக்கும்..."

மதி கதவைத் தள்ளினாள். பேச்சு நின்றது. பீவி புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். குப்பம்மா தரையில் குந்தியிருந்தவள், பக்கத்தில் கிடந்த முறத்தை எடுத்து, சுத்தமாகப் பொறுக்கி வைத்திருந்த அரிசியை மறுபடி பொறுக்க ஆரம்பித்தாள்.

"வாம்மா மதி. ஷிப்ட் முடிஞ்சுதா?" என்றாள் பீவி.

"முட்ஞ்சுதும்மா. பெரிய பாய் எப்டி கீறாரு?"

"அல்லா புண்ணியத்துல இருக்காரு. வலது பக்கம் இன்னும் வரல. பேச்சும் அப்படித்தான்."

சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். அவள் கொண்டுவந்த பையில் இமாம்பசந்து மாம்பழங்கள் இருந்தன. முந்தின நாள் மதியே துடைத்து, தரம் பிரித்து, வலைச்சட்டை மாட்டிய பழங்கள். பீவியின் காலடி கீழ் மாடி தாண்டும்வரை காத்திருந்துவிட்டு மதி கேட்டாள்.

"இன்னாத்துக்கு வந்துச்சு அந்தம்மா?"

"சொம்மாதான். பாக்க வந்துச்சு."

"யார அடக்கி வெக்கணும்?"

"அத்த இத்த ஒட்டுக் கேட்டுகினு நிக்காத. போய் கைய கயுவு. கொயம்பு சூடா கீது."

நெத்திலியில் மாங்காய் போட்டு வைத்திருந்தாள். மதி சோற்றைப் பிசைந்தாள். மாங்காய்ப் பால் பட்டு விரல் நுனிகள் வெந்துபோயிருந்தன. புளிக்குழம்பு பட்டதும் சுரீரென்றது. சித்திரையிலிருந்து ஆனி முடியும்வரை பேக்கிங் லைனில் நிற்கும் எந்தப் பெண்ணின் கையும் அப்படித்தான். காம்பை ஒடித்ததும் பீய்ச்சியடிக்கிற பால் கையுறைக்குள்ளும் இறங்கிவிடும்.

சாயங்காலம் புருஷன் அசோகன் வந்தான். எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். வரிசையில் நின்று நின்று உடம்பெல்லாம் கரிப்புழுதி. குளித்துவிட்டுத் துண்டோடு மாடி நடைபாதையில் வந்து நின்றவனிடம் மதி விஷயத்தைச் சொன்னாள்.

"இத்துல இன்னாமே யோசன? கையெயுத்து வாங்கத்தான் வருது," என்றான் அசோகன். "கம்பெனிய புனாக்காரனுக்கு வித்துகினு கீறாங்கோ. ஆர்பர் பூரா இதே பேச்சுதான்."

"எங்கம்மா கையெயுத்து அவுங்களுக்கு இன்னாத்துக்கு?"

"ஒங்க நைனா அங்கதான செத்தாரு? நாளைக்கு எவனாவது கேசு கீசு போட்டா? வாங்குறவன் எல்லாத்தையும் தோண்டிப் பாப்பான். கெயவி பெருவெரல உருட்டிகினு பூடுவாங்கோ. உஷாரா இரு."

"குட்ச்சிட்டு செத்தவனுக்கு எவன்யா கேசு போடுவான்?"

அசோகன் தலையைத் துவட்டினான். மதியின் அப்பா பேச்சு வந்தால் அவன் அதற்குமேல் போவதில்லை. குடியைத் தொடமாட்டேன் என்று பெரியபாளையத்தம்மன் சந்நிதியில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மதி அவனுக்குக் கழுத்தை நீட்டினாள்.

அந்தக் கம்பெனியின் கதையைப் பழைய வண்ணாரப்பேட்டையில் கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அமீருதீன் பாய் தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்றவர். எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கைவிடப்பட்ட உப்பு குடோன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து மண்டி போட்டார். பச்சையாக வரும் தார்களை உள் அறையில் அடுக்கி, நடுவில் மண்பானையில் வைக்கோலும் வாழைச்சருகும் திணித்துக் கங்கு வைத்து, கதவைச் சாத்திவிடுவார்கள். இடுக்குகளில் களிமண் பூசுவதும் உண்டு. புகை உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து காயைப் பழமாக்கும். அதற்கு மூட்டம் போடுவது என்று பேர். பானை அணைந்தாலும் கெட்டது, கொழுந்துவிட்டு எரிந்தாலும் கெட்டது. உள்ளே போய், பானையைக் கிளறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கிருஷ்ணப்பன், மதியின் அப்பா.

அமீருதீன் மகன் ஜஹாங்கீர் தலையெடுத்த பிறகு வாழை போய் மாம்பழம் வந்தது. மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கிக் கப்பலேற்றினார்கள். மரப்பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்தது. சந்து போதவில்லை. மணலி புதுநகரில் இடம் வாங்கித் தகரக் கொட்டகை போட்டு, அதுவும் பெருத்து, இப்போது குளிர் அறையும் கன்வேயர் பெல்ட்டும் துபாய் போகிற கன்டெய்னர்களுமாக நிற்கிறது. அமீருதீன் அண்ட் சன் பழ பேக்கிங் கம்பெனி. வேலை செய்கிறவர்களுக்கு அது எப்போதும் 'பாய் கம்பெனி'தான். ஐம்பது வருஷம் ஆகிறது. ஜஹாங்கீரின் மகன் தவ்ஃபீக் அதற்கு விழா எடுக்கப் போகிறான்.

மதிக்கு மூன்று வயதாக இருக்கும்போது கிருஷ்ணப்பன் அந்த மூட்ட அறைக்குள்ளேயே செத்துப்போனான். குடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான், புகை மூச்சை அடைத்துவிட்டது என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதியை 'சுட்ட பழம் பொண்ணு' என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அப்பன்மேல் வந்த வெறுப்பு ஆறவே இல்லை. வருஷா வருஷம் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் குப்பம்மா மட்டும் பூ எடுத்துக்கொண்டு போவாள். மதி ஒருமுறையும் போனதில்லை. வீட்டில் அவன் போட்டோகூட இல்லை. கேட்டால், பெருவெள்ளத்தில் போய்விட்டது என்பாள் குப்பம்மா. வெள்ளத்துக்கு முன்னாலும் அதைப் பார்த்த ஞாபகம் மதிக்கு இல்லை.

மறுநாள் வேலைக்குப் போனவள் பேக்கிங் கூடத்துக்கு வெளியே ஆட்கள் சுவரில் துளை போடுவதைப் பார்த்தாள். கம்பெனியின் வரலாற்றைப் பலகை பலகையாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் வருஷம், ஒரு போட்டோ, கீழே நாலு வரி. தவ்ஃபீக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மேலே, கீழே என்று கை காட்டிக்கொண்டிருந்தான். முப்பது தாண்டாத பையன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன்.

"மதியக்கா, பாருங்க. எப்படி இருக்கு?"

தள்ளுவண்டியோடு அமீருதீன் நின்றார். முதல் லாரி நின்றது. மூன்றாவது பலகையில் ஒரு பழைய மரக்கதவு. அதன் முன்னால் இரண்டு வாலிபர்கள், தலையில் முண்டாசு, மேலெல்லாம் கரி. ஒருவன் தோளில் வாழைத்தார். மற்றவன் கேமராவைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே எழுதியிருந்தது: '1988. புகையில் பழுக்கவைக்கும் பழைய முறையைக் கைவிட்டு, நவீனப் பாதையில் கம்பெனி அடியெடுத்து வைத்தது.'

மதி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். மேல்வரிசையில் ஒரு பல் மற்ற பல்மேல் ஏறியிருந்தது. அவள் நாக்கு தானாகத் தன் வாய்க்குள் அந்த இடத்தைத் தேடிப் போனது. அவளுக்கும் அதே பல் அதே மாதிரிதான்.

"யாரு தம்பி இவுங்க?"

"பழைய ஆளுங்க. தார் வெச்சிருக்கிறது இன்னாசின்னு ஒருத்தர். காசிமேட்டுல இருக்காரு. நான் தேடிப்போய் அவர்கிட்டதான் இந்த போட்டோ வாங்குனேன். இன்னொருத்தர் பேர் கேட்டேன், மறந்துபோச்சுன்னுட்டாரு."

மறந்துபோச்சாம். கூடவே நின்று போட்டோ பிடித்துக்கொண்டவன் பேர் மறந்துபோச்சாம். இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லையா, தெரிந்தே நடிக்கிறானா என்று அவன் முகத்தையே பார்த்தாள். அவன் அடுத்த பலகை கோணலாக இருக்கிறதென்று ஏணிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

அன்று லைனில் அவள் கை ஓடவில்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து பழங்கள் உருண்டு வந்தன. அடிபட்டதையும் நல்லதையும் ஒரே கூடையில் போட்டாள். ரிஃபைனரிக் காற்று வாடை கதவுத் திரை தாண்டி உள்ளே வந்து மாம்பழ வாசனையோடு கலந்து குமட்டியது. ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுக் காசிமேட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

இன்னாசியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே, ஐஸ் உடைக்கிற கொட்டகையின் நிழலில், மருமகளோடு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு. மதி தன் பேரைச் சொன்னதும் அவர் கை நின்றது. மருமகளைப் பார்த்து, "நீ போய் டீ வாங்கியா," என்று அனுப்பிவிட்டார்.

"கிருஷ்ணப்பன் பொண்ணா? குந்து கண்ணு. அப்டியே அவன் வாயி ஒனக்கு."

"சின்ன பாய் பேரு கேட்டப்ப மறந்துபோச்சுன்னு சொன்னியாமே மாமா."

இன்னாசி ஒரு இறாலை எடுத்துத் தலையைத் திருகிப் போட்டார். இன்னொன்றை எடுத்தார்.

"வயசாயிடுச்சுல்ல."

"இப்ப ஞாபகம் வந்துச்சே."

"இன்னா வோணும் ஒனக்கு? ஒங்கம்மாவாண்ட கேளேன். என்னியே ஏன் பேஜார் பண்ற?"

"எங்கம்மாவும் பீவிம்மாவும் கதவ சாத்திகினு பேசிகினு கீறாங்கோ. நா போனா வாய மூடிக்கிறாங்கோ. நீ பேரு மறந்துட்ட. எல்லாரும் சேந்து இன்னாத்த மறைக்கிறீங்கோ? குடிகாரன் செத்தான். அத்துல மறைக்க இன்னா கீது?"

"எவன் குடிகாரன்?" என்று இன்னாசி வெடுக்கென்று தலை நிமிர்ந்தார். "ஒங்க நைனாவா? பீடி பத்தவெச்சா அந்தாண்ட போய் நில்லும்பான். நாள் பூரா பொகைல கீறேன், நீ வேற ஊதாதடான்னுவான். அவன் எங்க குட்ச்சான்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மதி அசையவில்லை. அவர் எழுந்து போய்விடுவாரோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ வந்தது. மருமகள் வைத்துவிட்டு வலைக்காரர்கள் பக்கம் போனாள். இன்னாசி டீயைக் குடிக்காமல் சொன்னார்.

சந்தில் புகை என்று அக்கம்பக்கத்தார் மனு கொடுத்திருந்தார்கள். காலையில் ஆபீசர் ஒருவன் வந்துவிட்டான். மூட்டம் போட்டிருப்பதைப் பார்த்தால் குடோனுக்கு சீல்தான். அமீருதீன் அவனை முன்கட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இன்னாசியை டீயும் பன்பட்டர்ஜாமும் வாங்கத் துரத்தினார். ஜஹாங்கீர் ஓடிப்போய் மூட்ட அறைக் கதவைச் சாத்தி, இரும்புப் பட்டையைப் போட்டு, பூட்டி, முன்னால் காலிக் கூடைகளை அடுக்கி மறைத்துவிட்டான்.

"ஒங்க நைனா அப்பதான் பான கெளற உள்ள போயிருந்தான். ஜஹாங்கீர் பாக்கல."

"தட்டியிருப்பாரே மாமா."

"தட்டாம இருப்பானா?"

"ஜஹாங்கீர் பாய்க்குக் கேக்கலையா?"

இன்னாசி துறைமுகப் பக்கம் பார்த்தார். "அது அவருக்கும் அல்லாவுக்கும்தான் தெரியும். நா வந்தப்ப ரேடியோ சத்தமா வெச்சிருந்தாங்கோ. சொம்மா பாட்டுக்கு வெச்சாங்களோ, அத்துக்குதான் வெச்சாங்களோ. கேட்டுமிருக்கலாம். இந்த ஆபீசரு இப்ப போய்டுவான், இந்தா போய்டுவான்னு நென்ச்சிருப்பாரு. அந்தக் கஸ்மாலம் ரெண்டாவது டீயும் கேட்டான்."

மதி எழுந்தபோது இன்னாசி அவள் கையைப் பிடித்தார். "நா சொன்னேன்னு சொல்லாத கண்ணு."

வீட்டுக்கு வந்தபோது குப்பம்மா நடைபாதைக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மதி அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நைனா குடிக்க மாட்டாராமே."

குப்பம்மா கையில் இருந்த துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"எவன் சொன்னான்?"

"எவனோ சொன்னான். மெய்யா, பொய்யா?"

"இன்னாசிதான? அந்தக் கம்மனாட்டிதான் சொல்லியிருப்பான்." குப்பம்மாவின் குரல் உயர்ந்தது. "எல்லாத்தையும் சொன்னானே, அவன் எங்க வூட்டு வாசப்படில வந்து நின்னத சொன்னானா? பொணத்த கூட இன்னும் குடுக்கல. லோடுமேனுங்க பூரா வந்து நின்னாங்கோ, இவன் முன்னால. 'தங்கச்சி, நெசத்த சொன்னா குடோன இஸ்து மூடிடுவான். நாப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். குட்ச்சிருந்தான்னு சொல்லிடு'ன்னு கால்ல வுயுந்தான். சொன்னானா அத்த?"

இன்னாசி கையைப் பிடித்துக் கெஞ்சியதை மதி துக்கம் என்று நினைத்திருந்தாள்.

"நீ சொல்ட்டியா?"

"சொன்னேன். டேசன்ல நின்னு, ஆமா சார், தெனமும் குடிப்பாருன்னு சொன்னேன். நீ இடுப்புல கீறே. வவுத்துல ஒண்ணு கீந்துச்சு, அது அப்பால தங்கல. அமீருதீன் பாய் எம்மூஞ்சிய பாக்காம சொன்னாரு, ஒன் வூட்டுல அடுப்பு அணையாது, ஒம் பொண்ணு பெரிசானா அவளுக்கு இங்க வேலைன்னு. அணையல. நீயும் அந்த வேலைலதான் கீறே. இப்ப இன்னான்ற?"

"நா அவர திட்னப்பலாம் நீ கேட்டுகினுதான கீந்தே?"

குப்பம்மா அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"காலு வெக்க மாட்டேன் அந்த சுடுகாட்லன்னு சொன்னேன். கல்யாணத்துல அவரு பேரு பத்திரிகைல வோணாம்னேன். நீ சரின்ன!"

"சரின்னுதான் சொன்னேன்!" குப்பம்மா துணியைக் கட்டில்மேல் வீசினாள். "நீ அவன வெறுத்தா எனுக்கு சோறு. நீ என்ன வெறுத்தா? நா எங்க போவேன்? சொல்லு. எங்க போவேன் நா?"

கீழே தண்ணீர் லாரி வந்து, குடங்கள் இடிபடும் சத்தமும் சண்டையும் மேலே கேட்டன. பிறகு மதி கேட்டாள்.

"பீவிம்மா இன்னாத்துக்கு வருது? ஒன்ன மெரட்டுதா?"

"அது எங்க மெரட்டுது. நாந்தான் கூப்ட்டு வுட்டேன். பாய்க்கு வாதம் வந்து கெடக்குறாரில்ல, ஒரே வார்த்ததான் வாயில வருதாம். 'தொற, தொற'ன்னு. ராவும் பகலும் இதே. புள்ள, வாப்பாவுக்கு காத்து வோணும் போலன்னு கதவு ஜன்னல பூரா தொறந்து வுடுதாம். பீவிக்கு தெரியும் எந்தக் கதவுன்னு. நாளைக்கு மிச்ச வார்த்தையும் வந்துட்டா? அத்ததான் அடக்கி வெய்யின்னேன். அது புள்ளைக்கு தெரியக் கூடாதுன்னு அது அயுவுது. ஒனக்கு தெரியக் கூடாதுன்னு நா அயுதேன். அவ்ளோதான். ரெண்டு கெயவிங்க குந்திகினு அயுதோம்."

அசோகன் சொன்ன கையெழுத்தும் இல்லை, மிரட்டலும் இல்லை. இத்தனை நாளும் சந்தேகப்பட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, சந்தேகம் திரும்பி வந்து சொந்த வீட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. அன்று குப்பம்மா போட்ட சோற்றை அவள் தொடவில்லை. அசோகன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "வேல போனா போவுது மே. நா கீறேன்," என்றான். அவள் கேட்காத கேள்விக்கு அது பதில்.

மறுநாள் தவ்ஃபீக்கைத் தேடிப் போனாள். அவன் குளிர் அறைக்கு வெளியே கன்டெய்னருக்குள் ஏறும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்த மூணாவது பலகைல ஒரு ஆளு பேரு தெர்லன்னீங்களே. அது எங்க நைனா. கிருஷ்ணப்பன்."

"அட, சொல்லவே இல்லையேக்கா! பேர் போட்டுடலாம்."

"பேரு மட்டும் வோணாம். மூட்டத்த ஏன் வுட்டீங்கன்னும் போடுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் இருந்த சிரிப்பு இறுகிக்கொண்டே போனது. கையில் இருந்த போனை அணைத்துப் பையில் வைத்தான். கொஞ்சம் தள்ளி நிற்கலாம் என்று சைகை காட்டினான்.

"யார் உங்கள இத பேசச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"கம்பெனி கைமாறப்போற நேரம். புனால இருந்து ஆளுங்க வர்றாங்க. முப்பத்தஞ்சு வருஷமா இல்லாத கதை இப்ப எப்படிக்கா வருது? உங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தாரா? உங்களுக்கு என்ன வேணும், நேரா சொல்லுங்க."

மதிக்குக் காது மடல் சூடானது. நேற்றுவரை அவர்களைப் பற்றி அவள் நினைத்ததைத்தான் இவன் இன்று அவளைப் பற்றி நினைக்கிறான். வார்த்தைகூட ஏறக்குறைய அதே வார்த்தைதான்.

"எனுக்கு ஒண்ணும் வோணாம் தம்பி. எங்க நைனா குடிகாரன் இல்லன்னு இருந்தா போதும். நா ஒண்ணு கேக்குறேன். பெரிய பாய் படுத்துகினு இன்னா சொல்லிகினு கீறாரு?"

"வாப்பாவா? அவருக்கு ஏது பேச்சு. கதவ..." என்றவன் நிறுத்தினான்.

பெட்டிகளை ஏற்றுகிறவர்கள் அவனைப் பார்த்துக் கையெழுத்துக்காக நின்றார்கள். அவன் கவனிக்கவில்லை. "எல்லாக் கதவும் தொறந்துதானே வெச்சிருக்கேன்," என்றான், அவளிடம் சொல்வதுபோல இல்லாமல். பிறகு வேகமாகத் தன் காரை நோக்கி நடந்தான்.

அன்றும் மறுநாளும் அவன் கம்பெனிக்கு வரவில்லை. மதி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் வாட்ச்மேன் கேட்டில் நிறுத்திவிடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் எப்போதும்போல, "சாப்ட்டியாக்கா?" என்றான். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. வீட்டில் அம்மாவும் மகளும் பேச்சில்லை. குப்பம்மா சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு நடைபாதையில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

விழா நாளன்று காலையில், பேக்கிங் கூடத்துக்குப் போகிற வழியில், மதி சுவரைப் பார்த்தாள். மூன்றாவது பலகை இல்லை. 1983க்கும் 1991க்கும் நடுவே வெறும் சுவர். நான்கு மூலையிலும் திருகாணித் துளைகள். மற்ற எல்லாவற்றையும் மாலை சுற்றி மினுக்கியிருந்தார்கள்.

லைனில் வேலை செய்யும் பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். போட்டோ விழுந்து உடைந்துவிட்டது என்றாள் ஒருத்தி. சின்ன பாயே வந்து தன் கையால் கழற்றினார் என்றாள் இன்னொருத்தி. பொய்யைக் கழற்றினானா, அவள் அப்பனின் முகத்தையும் சேர்த்து ஒளித்துவைத்தானா? மதிக்குப் பிடிபடவில்லை. இருபது வருஷம் வேலை பார்த்தவர்களுக்குப் போடும் சால்வையை வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு கூடத்தின் ஓரத்தில் நின்றாள்.

பகல் வெயில் ஏறும்போது விருந்தாளிகள் வந்தார்கள். புனாக்காரர்கள் இரண்டு ஆண்கள், ஒரு பெண். பீவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரிய பாய் வரவில்லை. அப்போது கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குப்பம்மா இறங்கினாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் புடவையைக் கட்டியிருந்தாள். பின்னாலேயே அசோகன். தான் சொல்லவில்லை என்பதுபோல அவன் மதியைப் பார்த்துக் கையை விரித்தான்.

குப்பம்மாவைப் பார்த்ததும் பீவி பாதி எழுந்தாள். குப்பம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. சுவரை ஒட்டி ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எழுத்து தெரியாதவள், முகங்களைப் பார்த்தாள். வெறும் சுவர் வந்ததும் அங்கேயே நின்றுகொண்டாள்.

தவ்ஃபீக் விருந்தாளிகளை வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தான். முகம் சவரம் செய்யாமல் வாடியிருந்தது. புனாப் பெண் துளைகளைக் காட்டி, இங்கே ஏன் காலி என்று கேட்டாள். அது மொழி தெரியாமலே எல்லோருக்கும் புரிந்தது. தவ்ஃபீக் துளைகளையே பார்த்தான். மதி ஒரு அடி முன்னால் வைத்தாள். அதற்குள் குப்பம்மா பேசினாள். சத்தமாகக்கூட இல்லை.

"அது எம் வூட்டுக்காரர் எடம்மா. பேரு கிருஷ்ணப்பன். அவரு குடிக்க மாட்டாரு. குட்ச்சாருன்னு டேசன்ல சொன்னது நானு. உள்ள ஆளு கீதுன்னு பாக்காம கதவ போட்டு பூட்டிட்டாங்கோ. அப்டிதான் செத்தாரு."

கூடத்தில் கன்வேயர் மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஓடிப்போய் அதை நிறுத்தினார்கள். பீவி முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஒன்றும் விளங்காத புனாப் பெண் தவ்ஃபீக்கைப் பார்த்து இந்தியில் கேட்டாள்.

தவ்ஃபீக் சொல்ல ஆரம்பித்தான். இவன் எதைச் சொல்வான், எதை விழுங்குவான்? மதி கூர்ந்து கேட்டாள். லைனில் பீகார்ப் பெண்களோடு நின்று நின்று அவளுக்கு இந்தி கொஞ்சம் காதில் விழும். அப்பாவின் பேர் வந்தது. 'ஷராப் நஹீ' என்றான், குடி இல்லை. அங்கே நிறுத்தினான். இவ்வளவுதான், இதோடு முடித்துக்கொள்வான் என்று மதி நினைத்தாள். கைகளை இறுக மூடிக்கொண்டாள். வெந்துபோன விரல்கள் உள்ளங்கையில் எரிந்தன.

தவ்ஃபீக் பீவியின் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "தர்வாஜா," என்றான். கதவு. தொடர்ந்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "மேரே அப்பா நே," என்றான். பூட்டியது என் அப்பா.

மதி நடந்துபோய் அம்மாவின் பக்கத்தில், அந்த வெறும் சுவரின் முன்னால் நின்றுகொண்டாள்.